196 கிலோ பைக் காலில் சாய்ந்தால் என்ன ஆகும்? ஆஃப்-ரோடு பூட் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஈர மண் மேட்டில் ஒரு பைக் மெதுவாக ஏறுகிறது. முன்சக்கரம் ஒரு கல்லில் முட்டி நிற்க, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. ஓட்டுபவர் அனிச்சையாக இடது காலை ஊன்றுகிறார். ஊன்றிய இடத்தில் சேறு. பாதம் வழுக்கி வெளிப்பக்கம் திரும்ப, அதன் மேல் மொத்த வண்டியும் வந்து உட்காருகிறது. அந்த நேரத்தில் ஸ்பீடோமீட்டரில் மணிக்கு 5 கி.மீ. கூட இருந்திருக்காது.

ஆஃப்-ரோடில் கணுக்கால் உடைய பெரிய வேகம் தேவையில்லை என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக்கின் எடை 196 கிலோ. 'லைட் வெயிட்' என்று பெயர் வாங்கிய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி கூட சுமார் 160 கிலோ. வார இறுதி டிரெயிலுக்கும், லடாக் ட்ரிப்புக்கும் கிளம்பும் இளைஞர்களின் கையில் இன்று இருப்பவை பெரும்பாலும் இந்த ரக வண்டிகள்தான்.

நல்ல ஹெல்மெட் வாங்குகிறார்கள். ஜாக்கெட், கிளவுஸ் வாங்குகிறார்கள். வண்டிக்கு கிராஷ் கார்டு மாட்டுகிறார்கள். காலுக்கு? "ஸ்போர்ட்ஸ் ஷூ இருக்கு ப்ரோ, அது போதும்." விழுந்த பிறகுதான் தெரியும், கட்டுப் போட்ட காலோடு இரண்டு மாதம் ஆபீஸ் படி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று.

சரி, எந்த பூட் வாங்குவது? எதைப் பார்த்து வாங்குவது?

காலுக்கு என்னதான் ஆகிறது?

ஆஃப்-ரோடில் காலைத் தாக்குபவை முக்கியமாக நான்கு.

முதலாவது, நசுங்குதல். வண்டி சாயும்போது பாதம் தரைக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஃபுட்பெக், கிராஷ் கார்டு, சைடு பாக்ஸ் எதுவேண்டுமானாலும் மேலே இருந்து அழுத்தலாம்.

இரண்டாவது, முறுக்கு. பாதம் ஒரு இடத்தில் சிக்கி நிற்க, உடம்பும் வண்டியும் வேறு திசையில் போகின்றன. துணியைப் பிழிவதுபோலக் கணுக்கால் பிழியப்படுகிறது. தசைநார் கிழிவதும், கணுவின் இருபக்க எலும்புகள் உடைவதும் இப்படித்தான்.

மூன்றாவது, அளவுக்கு மீறிய மடக்கம். குழியில் குதித்து இறங்கும்போது பாதம் மேல்நோக்கி வேகமாக மடங்கும். இயல்பான எல்லையைத் தாண்டினால் மூட்டு தாங்காது.

நான்காவது, நேரடி மோதல். முன்னால் போகும் வண்டி எறியும் கல், மண்ணில் புதைந்திருக்கும் வேர், பாறை விளிம்பு. விரல்களும் முழங்காலுக்குக் கீழே உள்ள முன்பக்க எலும்பும் இதில் அடிவாங்கும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். பின்னால் உலோக சைடு பாக்ஸ் மாட்டியிருப்பவர்கள், வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே காலை ஊன்றினால், ஊன்றிய கால் அங்கேயே நிற்கும். பாக்ஸ் பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலில் இடிக்கும்.

டிரெக்கிங் ஷூ, சேஃப்டி ஷூ போதாதா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். பதில்: போதாது. காரணம், அவை வேறு வேலைக்குச் செய்யப்பட்டவை.

தொழிற்சாலைகளில் அணியும் சேஃப்டி ஷூவுக்கு இந்தியாவில் ஐஎஸ் 15298 என்ற தரநிலை இருக்கிறது. அதன் இரண்டாம் பாகத்தின்படி, விரல் பகுதியில் இருக்கும் தொப்பி 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். மேலிருந்து விரலில் கனமான பொருள் விழுந்தால் அது காப்பாற்றும். ஆனால் கணுக்கால் பக்கம்? அங்கே வெறும் தோலும் பஞ்சும்தான். பருமனான முன்பகுதி கியர் லீவருக்கு அடியில் நுழையாமல் தடுமாற வைப்பது தனிக்கதை.

டிரெக்கிங் ஷூ நடக்கும்போது கணு சற்றுப் புரளாமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் உடல் எடைக்கு அது சரி. அதன் மேல் இன்னொரு 160 கிலோ பக்கவாட்டில் சாய்ந்தால், அந்த மென்மையான கழுத்துப் பகுதி கணக்கிலேயே வராது. லேஸ் வேறு கியர் லீவரிலோ ஃபுட்பெக்கிலோ சிக்கினால், கால் ஊன்ற வேண்டிய நேரத்தில் கால் வராது.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

இத்தாலியின் வடகிழக்கில் அசோலோ, மசேர், மொன்டெபெலுனா என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மலையேற்ற பூட், பனிச்சறுக்கு பூட் செய்வதற்குப் பேர்போன வட்டாரம். 1963-ல் அசோலோவில் சாந்தே மட்சரோலோ தொடங்கிய ஆல்பைன்ஸ்டார்ஸ், முதலில் செய்தது மலையேற்றக் காலணிகளைத்தான். மோட்டோகிராஸ் பந்தயம் ஐரோப்பாவில் பரவியபோது அந்தப் பக்கம் திரும்பியது. சிடி, கெர்னே, டிசிஎக்ஸ் ஆகிய பிராண்டுகளும் அதே வட்டாரத்தில் வளர்ந்தவையே. ஆஃப்-ரோடு பூட்டைப் பார்த்ததும் பனிச்சறுக்கு பூட் ஞாபகம் வந்தால், அது தற்செயல் இல்லை. இரண்டுக்கும் ஒரே வேலை: கணுக்காலைத் தேவையில்லாத திசையில் திரும்ப விடாமல் பிடிப்பது.

ஒரு முழுமையான ஆஃப்-ரோடு பூட்டில் இவை இருக்கும்:

- முன்பக்கத் தகடு: முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை நீளும் கெட்டியான பிளாஸ்டிக் கவசம்.
- கணுக் கவசம்: கணுவின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் கெட்டியான தகடு. சில மாடல்களில் கீல் (ஹின்ஜ்) இருக்கும். முன்னும் பின்னும் மடங்க விடும், பக்கவாட்டில் விடாது.
- ஷேங்க்: அடிப்பாகத்தின் நடுவில் ஓடும் எஃகுப் பட்டை. ஃபுட்பெக்கில் மணிக்கணக்கில் நின்று ஓட்டும்போது பாதத்தின் நடுப்பகுதி வளையாமல் தாங்குவது இதுதான்.
- பக்கிள்கள்: லேஸுக்குப் பதில் மூன்று அல்லது நான்கு கிளிப்கள். சேற்றிலும் கிளவுஸ் போட்ட கையாலும் திறந்து மூட முடியும்.
- விரல் பெட்டியும் குதிகால் கிண்ணமும்: முன்னும் பின்னும் நசுங்காத கெட்டிப் பகுதிகள்.

எத்தனை வகை? எது யாருக்கு?

கடையில் 'ரைடிங் பூட்' என்று கேட்டால் ஐந்தாறு வகைகளை எடுத்துப் போடுவார்கள். எல்லாம் ஒன்றல்ல.

டூரிங் பூட்: தார்ச்சாலைப் பயணத்துக்கு. மென்மையாக இருக்கும், நடக்க வசதி, பெரும்பாலும் வாட்டர்ப்ரூஃப். சாலையில் வழுக்கி விழுந்தால் தேய்மானத்திலிருந்து காக்கும். முறுக்கைத் தடுக்கும் சக்தி குறைவு.

அட்வென்ச்சர் பூட்: நடுவாந்திரம். பாதி தார், பாதி மண் என்று போகிறவர்களுக்கு. உயரமாக இருக்கும், பக்கிள் இருக்கும், ஓரளவு நடக்கவும் முடியும். லடாக், ஸ்பிதி மாதிரியான நீண்ட பயணத்துக்குப் பலர் தேர்வு செய்வது இதைத்தான்.

எண்டூரோ பூட்: காட்டுப் பாதை, பாறை, சேறு. கெட்டித்தன்மை அதிகம். வண்டியைத் தள்ள வேண்டி வந்தால் மண்ணில் பிடி கிடைக்க, அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் இருக்கும்.

மோட்டோகிராஸ் பூட்: பந்தயத் தடத்துக்கு. பாதுகாப்பு உச்சம். அடிப்பாகம் கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்கும், ஃபுட்பெக்கில் காலை நகர்த்த அது வசதி. ஆனால் இதைப் போட்டுக்கொண்டு நடந்தால் ரோபோ நடை.

ட்ரையல்ஸ் பூட் என்றும் ஒன்று உண்டு. மிகக் குறைந்த வேகத்தில் பாறைகள் மேல் சமநிலை காட்டும் விளையாட்டுக்கானது அது. தோற்றத்தில் உயரமாக இருந்தாலும் வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்டது. பெயரைப் பார்த்து 'டிரெயில்' ரைடுக்கு என்று வாங்கிவிட வேண்டாம்.

இதில் ஒரு பேரம் இருக்கிறது. கெட்டித்தன்மை கூடினால் பாதுகாப்பு கூடும், நடக்கும் வசதி குறையும். இரண்டையும் முழுசாகத் தரும் பூட் கிடையாது. ஆகவே முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: 'என் ரைடில் கால் எதைச் சந்திக்கப் போகிறது?' மாதம் இரண்டு முறை டர்ட் டிராக்கில் பயிற்சி எடுப்பவருக்கும், வருடத்துக்கு ஒருமுறை ஸ்பிதி போகிறவருக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

லேபிளில் இருக்கும் 4 எண்கள் என்ன சொல்கின்றன?

ஹெல்மெட் அணிவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு கட்டாயமாக்குகிறது. ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 தரநிலையும் உண்டு. ரைடிங் பூட் விஷயத்தில் சட்டம் இப்படி எதையும் கேட்பதில்லை. எனவே நம்பி வாங்க, ஐரோப்பியத் தரநிலையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதன் பெயர் இஎன் 13634.

இந்தத் தரச்சான்று பெற்ற பூட்டின் உள்பக்க லேபிளில் பைக் ஓட்டுபவரின் சின்னமும், அதனருகே நான்கு எண்களும் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. இரண்டுதான் உயர்ந்த நிலை.

- முதல் எண்: பூட்டின் உயரம்
- இரண்டாவது: தேய்மானத்தைத் தாங்கும் திறன்
- மூன்றாவது: கூர்மையான மோதலில் கிழியாமல் தாங்கும் திறன்
- நான்காவது: பக்கவாட்டு நெருக்கலில் அடிப்பாகம் நசுங்காமல் தாங்கும் திறன்

இவற்றோடு சில எழுத்துகளும் இருக்கலாம். 'ஐபிஏ' என்றால் கணு மீதான மோதலுக்கும், 'ஐபிஎஸ்' என்றால் முன்பக்க எலும்பு மீதான மோதலுக்கும் சோதித்திருக்கிறார்கள். 'டபிள்யூஆர்' என்றால் தண்ணீர் புகாமை.

இங்கேதான் பலர் கோட்டை விடும் இடம் இருக்கிறது. நான்கிலும் '2' வாங்கிய பூட் என்றால், காலுக்கு முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த நான்கு எண்களைத் திரும்பப் படியுங்கள். கணுக்கால் முறுக்கை அவற்றில் ஒன்றுகூட அளக்கவில்லை. அதனால்தான் மென்மையான டூரிங் பூட்டும் நல்ல எண்களோடு வர முடிகிறது.

லேபிள் இருந்தால் நல்லது, இல்லாத பூட்டை ஒதுக்குவது அதைவிட நல்லது. ஆனால் ஆஃப்-ரோடில் முக்கியமான அந்த ஒரு கேள்விக்கு, பதிலை உங்கள் கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடையில் இரண்டே நிமிடச் சோதனை

"அண்ணே, ஒரு நிமிஷம் கையில கொடுங்க" என்று வாங்கி, கூச்சப்படாமல் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. பிழிந்து பாருங்கள்: ஒரு கையால் மேல்பகுதியையும் மறுகையால் பாதப் பகுதியையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்குங்கள். சுலபமாகத் திரும்பினால், விழும்போது உங்கள் கணுவும் அப்படியே திரும்பும்.
2. பக்கவாட்டில் மடியுங்கள்: மேல்பகுதியை உள்ளேயும் வெளியேயும் சாய்த்துப் பாருங்கள். முன்னும் பின்னும் மடங்கலாம், பக்கவாட்டில் சுருண்டு விழக் கூடாது.
3. கணு இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள்: உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும். பஞ்சு மட்டும் தட்டுப்பட்டால் அது கவசமல்ல.
4. அடிப்பாகத்தை நடுவில் வளைத்துப் பாருங்கள்: விரல் பக்கம் சற்று வளையலாம். பாதத்தின் நடுவில் வளையக் கூடாது.
5. விரல் பகுதியையும் குதிகாலையும் அமுக்குங்கள்: உள்ளே போகக் கூடாது.
6. பக்கிளைக் கிளவுஸ் போட்ட கையால் போடுங்கள்: கடையிலேயே சிரமம் என்றால், சேற்றில் சொல்லவே வேண்டாம்.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு இது சாத்தியமில்லையே என்றால், திருப்பித் தரும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். வீட்டுக்குள் தரைவிரிப்பின் மேல் இதே சோதனையைச் செய்யலாம். பிரபல பிராண்டுகளின் பெயரில் போலிகளும் உலவுகின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், நம்பாமல் இருப்பதே நல்லது.

சைஸ்: இதில் தப்பினால் எல்லாம் வீண்

பூட்டுக்குள் கால் தளர்வாக ஆடினால், வெளியே எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. கவசம் ஓரிடத்தில் நிற்க, கணு வேறு இடத்தில் இருக்கும்.

நாள் முழுவதும் நடந்தும் நின்றும் பாதம் சற்று வீங்கும் என்பதால் மாலையில் போய் அளவு பாருங்கள். ரைடில் அணியப்போகும் அதே நீளமான, தடிமனான சாக்ஸோடு போடுங்கள். விரல் நுனி முட்டக் கூடாது. நடக்கும்போது குதிகால் மேலே எழும்பக் கூடாது. ரைடிங் பேன்ட், முழங்கால் கவசம் ஆகியவற்றோடு மேல் பக்கிள் மூடுகிறதா என்று பாருங்கள். கெண்டைக்கால் தடித்தவர்களுக்கு இங்கேதான் பிரச்சினை வரும்.

கடைசியாக, உட்கார்ந்து மட்டும் பார்க்காமல், ஃபுட்பெக்கில் நிற்பதுபோல முழங்காலைச் சற்று மடக்கி முன்னால் சாய்ந்து நில்லுங்கள். ஆஃப்-ரோடில் அதிக நேரம் இருக்கப்போவது அந்த நிலையில்தான்.

உயரம் குறைந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹிமாலயன் 450-ன் இருக்கை உயரமே 825 மி.மீ. விறைப்பான பூட்டில் நுனிக்கால் ஊன்றுவது கஷ்டம். முடிந்தால் வண்டியைக் கடைக்கே எடுத்துச் சென்று, பூட்டோடு ஏறி உட்கார்ந்து பாருங்கள்.

வாட்டர்ப்ரூஃப் அவசியமா?

"அண்ணே, இது வாட்டர்ப்ரூஃபா?" கடையில் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். உண்மையில் கடைசியாகக் கேட்க வேண்டியது.

மழையில், தார்ச்சாலையில், குளிரில் அது பெரிய வரம். ஆனால் மணாலியிலிருந்து ஸ்பிதி போகும் வழியில் கிராம்பு – பத்தல் பாதையில் இருப்பதுபோன்ற ஓடைகளைக் கடக்கும்போது, தண்ணீர் மேல்வழியாகவே உள்ளே இறங்கிவிடலாம். வெளியிலிருந்து தண்ணீரை விடாத அதே சவ்வு, உள்ளே போன தண்ணீரையும் வெளியே விடாது. நாள் முழுக்கத் தொட்டிக்குள் கால் வைத்த கதைதான். நம் ஊர் வெயிலில் வியர்வைக்கும் அதே நிலை. சவ்வு இல்லாத பூட்டையும் தனியாக வாட்டர்ப்ரூஃப் சாக்ஸையும் வைத்துக்கொள்வது பலருக்குச் சுலபமான வழி.

பட்ஜெட் குறைவு என்றால்?

இந்தியத் தயாரிப்பில் அட்வென்ச்சர் பூட்கள் பத்தாயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கின்றன. இத்தாலிய பிராண்டுகளின் உயர்ரக மோட்டோகிராஸ் பூட் அதைப்போலப் பல மடங்கு. வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு: கீல், உள் பூட், கழற்றி மாற்றக்கூடிய அடிப்பாகம், தனியாக வாங்கி மாட்டக்கூடிய பக்கிள்கள். ஆனால் விலை உயர்ந்தது எல்லாம் உங்களுக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை. பிழியும் சோதனையில் தேறிய, காலுக்குப் பொருந்திய நடுத்தர விலை பூட், பொருந்தாத பந்தய பூட்டைவிட மேல்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். பாலியூரித்தேன் அடிப்பாகங்கள் காற்றின் ஈரப்பதத்தால் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதையும். அலமாரியில் பத்திரமாக இருந்த பூட் கூட, முதல் ரைடில் பிஸ்கட் மாதிரி உதிரலாம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது கூடுதல் கவலை. விரிசல், பொடியாதல், ஒட்டு விடுதல் தெரிந்தால் வேண்டாம்.

வாங்கியாச்சு. நேரே டிரெயிலுக்கா?

அவசரப்பட வேண்டாம். புது ஆஃப்-ரோடு பூட்டில் முதல் சில நாட்கள் கியர் லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பின் பிரேக்கை அறியாமல் அழுத்திக்கொண்டே போகவும் வாய்ப்புண்டு. இரண்டையும் உங்கள் பூட்டின் தடிமனுக்கு ஏற்ப அமைக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். வீட்டில் டிவி பார்க்கும்போது போட்டுக்கொண்டு உட்காருங்கள். காலி மைதானத்தில் கொஞ்சம் ஓட்டிப் பழகுங்கள். அதன் பிறகு மண் பாதை.

ரைடு முடிந்ததும் சேற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். சைலன்ஸர் அருகிலோ மொட்டை மாடி வெயிலிலோ வைத்தால் தோலும் ஒட்டும் கெடும்.

விழுந்துவிட்டால்?

பூட் போட்டால் காலே உடையாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கணுவைப் பூட்டினாலும் விசை மாயமாகிவிடாது, ஒரு பகுதி மேல்நோக்கி முழங்காலுக்குப் போகும். முழங்கால் கவசம் கூடவே தேவைப்படுவது இதனால்தான்.

விழுந்து எழுந்ததும் 'சுளுக்குதான்' என்று ஓட்டிக்கொண்டு போவது ஆபத்து. கனடாவில் உருவாகி 1992-ல் வெளியான 'ஒட்டாவா விதிகள்' என்ற எளிய வழிமுறையை மருத்துவர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். கணுப் பகுதியில் வலி இருந்து, கணு எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ தொட்டால் வலித்தாலும், அடிபட்டபோதும் பிறகும் நான்கு அடி கூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். டிரெயிலில் டாக்டர் இருக்கமாட்டார். அந்த நான்கு அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தின் ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக 2024 டக்கார் ராலியில் ஒட்டுமொத்தமாக 11-வது இடமும், ராலி 2 பிரிவில் முதலிடமும் பிடித்தார். மண்ணில் பைக் ஓட்டுவது இந்தியர்களுக்கு இனி தூரத்து வேடிக்கை இல்லை. அந்த ஆசையோடு புதிதாக வண்டி எடுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு: வண்டியின் ஃபுட்பெக் வளைந்தால் ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். கணுக்காலுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது.

அதனால் பூட்டைக் கையில் எடுத்ததும் கலரைப் பார்க்கும் முன், ஒருமுறை பிழிந்து பாருங்கள். தேறினால் வாங்குங்கள். வாங்கிய பிறகு, "பக்கத்துல இருக்கிற டிரெயில்தானே" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.